அவர் மகளும் நம் மகளும்



பிள்ளைகளின் மேற்படிப்பைக் குறித்து இப்பகுதியில் அவ்வப்போது பேசி வருகிறோம். எந்தப் படிப்பு நல்லது, கட்டணம் எவ்வளவு, விடுதி எப்படிப்பட்டது என்பன பற்றியெல்லாம் எழுதியாயிற்று. இம்மாதம் நான் எடுத்துக்கொண்டிருப்பது சற்றே வேறுபட்ட பொருள். அமெரிக்காவில் வாழும் யூதத் தந்தை ஒருவர் தம் மகளுக்குக் கல்லூரி தேடிய வரலாறும், அதன் வாயிலாக நான் அறிந்துகொண்ட செய்திகளுமே அது. "யூதர் வீட்டுக் கவலை நம் வீட்டுப் பத்திரிகைக்கு எதற்கு?" என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். முழுவதையும் படித்த பின்னர்ச் சுளியுங்கள் என்று பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

என் தமக்கை மகன் நியூ ஜெர்சி மாநிலத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறார். அவருடைய அலுவலகத்தில் அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவர் ஒரு யூதர். மதக் கடமைகளை வழுவாமல் பேணுபவர். வெள்ளிக்கிழமை கதிரவன் மறையுமுன் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று விரைபவர் அவர். அதே வெள்ளி நண்பகலில் ஜும்ஆவுக்கு விரைபவர் நம்மவர். "ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துக்கொள்வதில் தொடங்கிய நட்பு, மாமா" என்று மருமகன் சொல்வதுண்டு.

இருவருக்கும் மூத்தவள் பெண். இருவர் மகள்களும் ஒரே ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்தனர். அந்நாட்டில் கல்லூரிகளின் அனுமதிக் கடிதங்கள் பெரும்பாலும் மார்ச் மாத இறுதிக்குள் வந்துவிடும். எந்தக் கல்லூரி என்பதை மே முதல் நாளுக்குள் முடிவு செய்து அறிவிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். ஆகவே பெற்றோருக்கு ஏப்ரல் மாதம் முழுவதும் உறக்கமில்லா மாதம். அப்படிப்பட்ட ஓர் ஏப்ரலில்தான் மருமகன் தொலைபேசியில் அழைத்தார்.

"மாமா, அவர் ஒரு குறிப்பேட்டில் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் நம் கேள்விகள்!"

உணவு விலக்கப்பட்டவை கலவாமல் கிடைக்குமா? வழிபாட்டுக்கு இடம் உண்டா? பெருநாளன்று தேர்வு வந்தால் மாற்றுத் தேதி தருவார்களா? பெண்களுக்கென்று தனித் தங்குமிடம் உண்டா? மதத்தின் பெயரால் எவரேனும் இழித்துப் பேசினால் யாரிடம் முறையிடுவது? முறையிட்டால் என்ன நடக்கும்? இவைதாம் அந்த யூதர் எழுதி வைத்திருந்தவை. பெயரை மறைத்துவிட்டு நம் ஊர்த் தாய்மார்களிடம் காட்டினால், இவற்றை எழுதியவர் நம்மவர் என்றே எண்ணுவார்கள் அல்லவா?

பழைய காயம்

இக்கேள்விகள் நேற்று முளைத்தவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரிகளில் திரளாகச் சேர்ந்தனர். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் 1900 ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருந்த யூத மாணவர்கள், 1922 இல் நூற்றுக்கு இருபத்தொருவர் அளவுக்கு உயர்ந்தனர். அப்போது அதன் தலைவராயிருந்த லாரன்ஸ் லோவல், யூதர் எண்ணிக்கையை நூற்றுக்குப் பதினைந்தாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கருதினார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர் குழு ஏற்க மறுத்துவிட்டது. எனினும் முன் கதவு வழியே வர இயலாத அநீதி, பின் கதவு வழியே வந்தது. மாணவரின் "குணநலன்" பார்க்கப்படும் என்றார்கள், புகைப்படம் கேட்டார்கள், தந்தை தம் பெயரை எப்போதேனும் மாற்றிக்கொண்டாரா என்றுகூட விண்ணப்பத்தில் கேட்டார்கள். மதிப்பெண்ணில் தள்ள முடியாதவரை மனத்துக்குள்ளேயே அடையாளங்கண்டு தள்ளிவிடும் உபாயம் இது. பெயரைப் பார்த்ததும் வாடகை வீடு மறுக்கப்பட்ட அனுபவம் உடையவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அச்சமூகம் இதற்கு இருவிதமாக விடையளித்தது. ஒன்று, இருக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே தம் பிள்ளைகளுக்கு நிழல் அமைத்தல். 1923 இல் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் "ஹில்லல்" என்னும் யூத மாணவர் இல்லம் தொடங்கப்பட்டது. இன்று நூற்றுக் கணக்கான வளாகங்களில் அது கிளை பரப்பியுள்ளது. வியப்பு என்னவெனில், சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து 1963 இல், அதே இல்லினாய் பல்கலைக் கழகத்தில்தான் வட அமெரிக்க முஸ்லிம் மாணவர் சங்கமும் தோன்றியது! சோளக் கொல்லைகள் சூழ்ந்த அந்த ஒரே ஊர், இரு சமுதாயத்துப் பிள்ளைகளுக்கும் முதல் நிழலைத் தந்திருக்கிறது.

மற்றொன்று, தாமே ஒரு பல்கலைக் கழகம் நிறுவுதல். 1948 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராண்டைஸ் பல்கலைக் கழகம் தொடங்கப்பட்டது. அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியான லூயிஸ் பிராண்டைஸின் பெயரைத் தாங்கியது அது. யூதர் பொருளால் எழுந்தது. ஆயினும் எல்லா மதத்தாருக்கும் திறந்து விடப்பட்டது. அதன் வளாகத்தில் யூதருக்கும், கத்தோலிக்கருக்கும், புராட்டஸ்டண்டுக் கிறித்தவருக்கும் மூன்று வழிபாட்டுக் கூடங்களை, ஒன்றின் நிழல் மற்றொன்றின்மீது விழாதவாறு அமைத்தார்கள். ஒரு சிறுபான்மைச் சமுதாயம் தன் பிள்ளைகளுக்காகக் கட்டியதை அனைவருக்கும் பொதுவாக்குவது எத்துணைச் சிறப்பு என்பதை, 1951 இல் தொடங்கப்பட்ட திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியையும் சென்னைப் புதுக்கல்லூரியையும் அறிந்த நாம் நன்கு உணர்வோம்.

சாவி ஒரு சிறு பொருள்தான்

வளாகச் சூழல் என்றதும் ஊர்வலங்களும் முழக்கங்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் மார்க்கத்தைப் பேணும் ஒரு மாணவிக்கு நாள்தோறும் எதிர்ப்படுபவை மிகச் சிறிய செய்திகளே.

மருமகனின் நண்பர் குறிப்பேட்டில் முதற் கேள்வி, விடுதிக் கதவின் சாவியைப் பற்றியது! வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை நீளும் "ஷப்பாத்" எனப்படும் ஓய்வு நாளில், பேணுதலுள்ள யூதர்கள் மின்கருவிகளை இயக்குவதில்லை; எழுதுவதுமில்லை. இக்காலத்து விடுதிகளிலோ மின் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். இரும்புச் சாவி ஒன்று தருவார்களா என்று கேட்டால், "அதற்கென்ன, தருகிறோம்" என்று புன்னகையுடன் சொல்லும் கல்லூரியும் உண்டு, "இதென்ன விந்தை?" என்று புருவத்தை உயர்த்தும் கல்லூரியும் உண்டு. அந்தப் புருவத்திலேயே அடுத்த நான்கு ஆண்டுகளின் சூழலைப் படித்துவிடலாம் என்பது அவர் கருத்து.

அடுத்தது உணவு. "கோஷர்" எனும் விதிப்படி பன்றி விலக்கு. முறைப்படி அறுக்கப்படாத இறைச்சி விலக்கு. இறைச்சியையும் பாற்பொருளையும் கலத்தலும் விலக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டும். ஹலால் தேடி அலையும் நம் பிள்ளைகளுக்கு இத்துன்பம் புதிதன்று. டார்ட்மத் கல்லூரி 2001 இல் ஓர் உணவுக்கூடத்தைத் திறந்தபோது, கோஷர் உணவையும் ஹலால் உணவையும் ஒரே கூரையின்கீழ் வழங்க ஏற்பாடு செய்தது. மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியும் அதே ஆண்டில் அவ்வாறே செய்தது. ஒரே அடுப்பங்கரையைச் சார்ந்து உண்ணும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் அறிவார்கள். அறிந்த முகத்தை வெறுப்பது அத்துணை எளிதன்று.

எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறிவிடும் என்று எண்ண வேண்டாம். 1997 இல் யேல் பல்கலைக் கழகத்தில் பேணுதலுள்ள சில யூத மாணவர்கள், ஆணும் பெண்ணும் கலந்து தங்கும் விடுதியில் வாழ்வதிலிருந்து விலக்குக் கோரினர். பல்கலைக் கழகம் மறுத்தது. வழக்குத் தொடுத்தும் பயனில்லை. 2000 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் வழக்கை ஏற்கவில்லை. ஆகவே சேர்ந்த பிறகு சண்டையிடுவதைக் காட்டிலும் சேருமுன் கேட்டுத் தெளிவது அறிவுடைமை.

அச்சம் வந்த காலம்

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1200 பேர் உயிரிழந்தனர். சுமார் 250 பேர் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டனர். அதன்பின் காஸாவின்மீது நடந்த போரில் பல பத்தாயிரக் கணக்கான பாலஸ்தீன மக்கள், பெண்களும் பச்சிளங் குழந்தைகளும் உட்பட, மாண்டனர். அந்தத் துயரத்தை நினைத்து நம் உள்ளம் உருகுவது இயல்பு, நியாயமுங்கூட. உலகெங்கும் மாணவர்கள் அதைக் கண்டித்துக் குரல் கொடுத்தார்கள். அது அவர்கள் உரிமை.

ஆனால் அதே நாட்களில் நடந்த வேறொன்றையும் நாம் மறைக்கலாகாது. 2023 அக்டோபர் இறுதியில், கார்னெல் பல்கலைக் கழகத்தின் யூத மாணவர் உணவுக்கூடத்தில் புகுந்து சுடப்போவதாக இணையத்தில் மிரட்டல் வந்தது. எழுதியவர் அங்கேயே பயின்ற மாணவர். பின்னர் 21 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இரவு உணவுக்குச் சென்ற பெண்பிள்ளைகள் அந்த மிரட்டலைப் படித்தபோது எவ்வாறு நடுங்கியிருப்பார்கள்! அவர்கள் எந்தப் போரை நடத்தினார்கள்?

அதற்கடுத்த மாதம், நவம்பர் 25 அன்று, வெர்மாண்ட் மாநிலத்தில் விடுமுறைக்கு வந்திருந்த பாலஸ்தீன வம்சாவளி மாணவர் மூவர் தெருவில் நடந்து செல்கையில் சுடப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நடக்கும் ஆற்றலை இழந்தார். இருவர் கழுத்தில் பாலஸ்தீனத் துணி. வாயில் அரபு கலந்த பேச்சு. அவர்கள் எவருக்குத் தீங்கு செய்தார்கள்?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் 2024 வசந்தத்தில் நிகழ்ந்தவை இவ்விரு அநீதிகளையும் ஒரே வளாகத்தில் காட்டுகின்றன. போராட்ட முகாம் அமைந்திருந்த பகுதி வழியே செல்ல முடியாதவாறு தாங்கள் தடுக்கப்பட்டதாக யூத மாணவர் சிலர் நீதிமன்றம் சென்றனர். அவ்வாறு விலக்கப்படுவதை நிர்வாகம் அனுமதிக்கலாகாது என்று அவ்வாண்டு ஆகஸ்டில் நீதிபதி இடைக்காலத் தடையாணை பிறப்பித்தார். அதே முகாமின்மீது ஏப்ரல் 30 இரவு ஒரு கும்பல் பாய்ந்து மணிக்கணக்கில் தாக்கியபோது, காவலர்கள் நெடுநேரம் தலையிடவில்லை. யூத மாணவரையும் காக்கவில்லை. பாலஸ்தீனத்துக்காக அமர்ந்திருந்த மாணவரையும் காக்கவில்லை. ஒருவரைக் காக்கத் தவறிய நிர்வாகம் மற்றவரையும் காக்கத் தவறியது. இதுதான் அங்கே நாம் கற்க வேண்டிய பாடம்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். யூத மாணவர் அனைவரும் ஒரே கருத்துடையவர் அல்லர். 2024 ஏப்ரலில் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தின் போராட்ட முகாமுக்குள்ளேயே, காஸாவுக்காக அமர்ந்திருந்த யூத மாணவர்கள் தங்கள் பாஸ்காப் பெருநாள் விருந்தை நடத்தினார்கள். அதே வளாகத்தில் வேறு யூத மாணவர்கள் அஞ்சி ஒதுங்கியிருந்தார்கள். இரண்டும் உண்மை. ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது வேறு. அந்த அரசின் பெயரால் உணவுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவியை நிறுத்தி விடை கேட்பது வேறு. 2001 செப்டம்பருக்குப் பின்னர் எங்கோ எவரோ செய்ததற்கு விடை சொல்லுமாறு நம் பிள்ளைகள் நிறுத்தப்பட்டார்கள். நியூயார்க் காவல்துறை முஸ்லிம் மாணவர் சங்கங்களை வேவு பார்த்த செய்தியும், மாணவர்களின் உல்லாசப் பயணத்தில்கூட ஓர் ஒற்றர் உடன் சென்ற செய்தியும் 2012 இல் வெளிவந்தன. அந்த வேதனையை அனுபவித்த நாம், அதையே பிறர் பிள்ளைக்குச் செய்வதை நியாயம் என்று கொள்ள முடியுமா?

எதைக் கொண்டு எடைபோடுவது?

இனி அந்தக் குறிப்பேட்டுக்குத் திரும்புவோம். நண்பர் எவ்வாறு தேர்ந்தார் என்பது எல்லாப் பெற்றோருக்கும் பயன்படும்.

முதலாவதாக, பிறர் இட்ட மதிப்பெண்ணை அப்படியே அவர் நம்பவில்லை. யூத அவமதிப்பு எதிர்ப்புச் சங்கம் ஒன்று 2024 இல் 85 கல்லூரிகளுக்குத் தேர்வுத்தாள் போலத் தரவரிசை எழுத்துகள் இட்டது. இரண்டே கல்லூரிகள் முதல் தரம் பெற்றன. ஹார்வர்டு உள்ளிட்ட பதின்மூன்று கல்லூரிகள் தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டன. அவ்வளாகங்களில் பணியாற்றும் ஹில்லல் அமைப்பினரே அதைக் குறை கூறினர். ஒரு வளாகத்தின் வாழ்வை ஓர் எழுத்தில் அடக்கிவிட இயலுமா? செய்தித்தாளும் அப்படியே. சண்டை நடந்த நாளில் நிருபர் வருவார். முந்நூறு நாள் அமைதியாக உண்டு உறங்கியதை எவர் எழுதுவார்?

இரண்டாவதாக, சட்டம் தரும் ஏடுகளை அவர் வாங்கிப் படித்தார். விடுதியில் கொலையுண்ட ஒரு மாணவியின் பெயரைத் தாங்கிய, 1990 இல் இயற்றப்பட்ட கிளரி சட்டத்தின்படி, அரசு மாணவர் உதவித்தொகையில் பங்குபெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் வளாகத்தில் நடந்த குற்றங்களை, மத வெறுப்பால் நடந்தவை உட்பட, மூன்றாண்டுக் கணக்குடன் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாளுக்குள் வெளியிட வேண்டும். எவர் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் கணக்கில் சுழியம் இருந்தால் குற்றமே இல்லை என்று பொருளன்று. முறையிட எவரும் துணியவில்லை என்றும் பொருள் இருக்கலாம்.

மூன்றாவதாக, முறையீட்டின் வழி. 1964 ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இனம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரில் கல்வி நிலையங்கள் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மதம் என்னும் சொல் அப்பிரிவில் இல்லை. எனினும் பொது வம்சாவளியைக் காரணமாகக் கொண்டு துன்புறுத்தப்படும் யூதர், அரபு முஸ்லிம், சீக்கியர் ஆகியோருக்கும் அப்பாதுகாப்பு உண்டு என்று 2004 இல் கல்வித்துறை விளக்கியது. கவனியுங்கள்: ஒரே விளக்கம் மூவருக்கும் குடையானது!

அக்குடையை ஒருவர்மீது ஓங்கும் தடியாக்குவோரும் உண்டு. 2025 இல் அமெரிக்க அரசு யூத மாணவர் பாதுகாப்பைக் காரணங்காட்டி, ஹார்வர்டுக்குரிய ஆராய்ச்சி நிதியில் 200 கோடி டாலருக்கு மேல் நிறுத்தியது. அக்காரணம் ஒரு புகைத்திரையாகவே பயன்படுத்தப்பட்டது என்று கருதிய நீதிபதி ஒருவர், அவ்வாண்டு செப்டம்பரில் அது சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தார். தம் மகளின் அச்சத்தைப் பிறர் தம் அரசியலுக்குக் கருவியாக்குவதை அந்த நண்பரும் விரும்பவில்லை.

நான்காவதாக, அவர் நேரில் சென்றார். வழிகாட்டியின் இனிய பேச்சைக் கேட்டுத் திரும்பிவிடாமல், ஒரு வெள்ளி இரவு மகளை அங்கேயே தங்கவைத்தார். தொழுகைக்குப் பின் உணவு மேசையில் மூத்த மாணவியரிடம் அவளையே கேட்கச் செய்தார். "இங்கே தாவீது நட்சத்திரச் சங்கிலியை வெளியே தெரிய அணிவீர்களா? உள்ளே மறைத்துக்கொள்வீர்களா?" என்பதே அவள் கேட்ட கேள்வி. ஆயிரம் பக்க அறிக்கையிலும் கிடைக்காத விடை அதில் கிடைக்கும் அல்லவா? ஹிஜாபைப் பற்றி நம் பெண்களும் இதனையே கேட்கலாம்.

ஒருவருக்காக மற்றவர்

கடைசியாக நடந்ததுதான் என் நெஞ்சைத் தொட்டது. இரு பெண்களுக்கும் இரண்டு கல்லூரிகள் பொதுவாக வாய்த்திருந்தன. இரு குடும்பத்தாரும் ஒரே வண்டியில் சென்று பார்த்தனர். மாணவர் நலப் பொறுப்பாளரைச் சந்திக்குமுன் நண்பர் என் மருமகனிடம் ஒரு யோசனை கூறினாராம்: "என் மகளுக்காக நான் கேட்டால் அவர் எனக்கு உகந்த விடையைச் சொல்வார். நீங்கள் என் மகளுக்காகக் கேளுங்கள். நான் உங்கள் மகளுக்காகக் கேட்கிறேன்."

அவ்வாறே செய்தார்கள். யூத மாணவி இழிவுபடுத்தப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று தாடி வைத்த நம்மவர் கேட்டார். ஹிஜாப் அணிந்த மாணவியை எவரேனும் வம்புக்கு இழுத்தால் என்ன செய்வீர்கள் என்று தலையில் சிறு குல்லாய் அணிந்த யூதர் கேட்டார். முதற் கல்லூரியில் பொறுப்பாளர் திகைத்தார். ஒருவருக்கு ஒரு நெடிய விடையும் மற்றவருக்கு ஒரு குறுகிய விடையும் கொடுத்தார். இரண்டாவது கல்லூரியில் இருந்த அம்மையார் சிரித்தார். ஒரே தாளை எடுத்து இருவர் முன்னும் வைத்து, "இருவருக்கும் விதி ஒன்றே, இத்தனை நாளில் விசாரிப்போம், முடிவை எழுத்தில் தருவோம்" என்றார்.

முதற் கல்லூரி பெயர் பெற்றது. இரண்டாவது அத்துணைப் புகழுடையதன்று. இரு பெண்களும் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள்.

"மாமா, அவள் அங்கே நலமாக இருப்பாள் என்று தெரிந்துகொண்டதும்தான், என் மகளும் அங்கே நலமாக இருப்பாள் என்ற நம்பிக்கை வந்தது" என்றார் மருமகன்.

வாசகப் பெருமக்களே, நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும்போது நமக்குரியது கிடைக்குமா என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதே. அதனுடன் மற்றொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: நம்மினும் எண்ணிக்கையில் சிறியவர், நமக்கு வேறுபட்டவர், இங்கே எவ்வாறு நடத்தப்படுகிறார்? அவரை நீதியுடன் நடத்தும் வாயில், நம் மகளையும் நீதியுடன் வரவேற்கும்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.